அரசு இரகசியத்தை வெளியே சொன்னவருக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களைப் பற்றியது. ஓர் அரசு ஊழியர் அல்லது ஒப்பந்த ஊழியர், தான் கண்ட முறைகேட்டை மக்களுக்குத் தெரிவிப்பதற்காக இரகசிய ஆவணத்தைப் பத்திரிகையாளரிடம் கொடுக்கிறார். அவர்மீது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் பாய்கிறது. அதன்பின் நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். பணத்துக்காக அயல்நாட்டுக்கு இரகசியம் விற்றவர்களின் வழக்குகள் வேறு வகை. அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: நியாயமான விசாரணை கிடைக்குமா, கிடைக்காதா?

விசாரணைக்கு உரிய சடங்குகள் எல்லாம் கிடைக்கும். வழக்கறிஞர் இருப்பார், ஜூரி (குடிமக்களிலிருந்து தேர்ந்த நடுவர் குழு) இருக்கும், ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்புக்கு இருக்கும். ஆனால் “ஏன் கொடுத்தீர்கள்?” என்ற ஒரு கேள்விக்கு ஜூரி முன்னால் பதில் சொல்ல இடமில்லை. தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பு ஆவணங்களை வெளிக்கொணர்ந்த ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் மாஸ்கோ விமான நிலையத்தில் சிக்கியிருந்த 2013 ஜூலையில், அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ரஷ்ய நீதி அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். மரண தண்டனை கோரமாட்டோம், சித்திரவதை இருக்காது, சிவில் நீதிமன்றத்தில் ஜூரி முன் பகிரங்க விசாரணை நடக்கும், விரும்பினால் அவரே சாட்சி சொல்லலாம் என்பவை அதிலிருந்த உறுதிமொழிகள். சாட்சிக் கூண்டில் ஏறியபின் எதைப் பேசலாம் என்பதுதான் உண்மையான சிக்கல். தன் நோக்கத்தை ஜூரியிடம் விளக்க அனுமதித்தால் நாடு திரும்பத் தயார் என்று ஸ்னோடன் தரப்பு பலமுறை சொன்னது. அந்த உறுதி இன்றுவரை தரப்படவில்லை. சட்டம் இப்போதுள்ளபடி இருக்கும்வரை அதைத் தர அரசுத் தரப்புக்கு எந்தத் தேவையும் இல்லை.

நோக்கத்தைப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

எந்தச் சட்டமும் அப்படி நேரடியாகச் சொல்லவில்லை. உளவுச் சட்டத்தின் 793ஆம் பிரிவை வாசித்தால் காரணம் விளங்கும். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியவை நான்குதான்: தேசப் பாதுகாப்பு சார்ந்த தகவல் அவரிடம் இருந்தது, அதைப் பெறத் தகுதியில்லாத ஒருவரிடம் கொடுத்தார், தெரிந்தே, வேண்டுமென்றே கொடுத்தார், வாய்மொழித் தகவல் என்றால், அது அமெரிக்காவுக்குத் தீங்காகவோ அயல்நாட்டுக்குச் சாதகமாகவோ பயன்படக்கூடும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. “தீய எண்ணத்தோடு” என்ற சொல் இதில் இல்லை. பொதுநலன் என்ற விதிவிலக்கும் இல்லை. குற்றத்தின் கூறாக இல்லாத ஒன்றைப் பற்றிய சாட்சியம் பொருத்தமற்றது என்பது சாட்சிய விதி. எனவே விசாரணை தொடங்கும் முன்பே அரசுத் தரப்பு ஒரு மனுப் போடும்: நோக்கம், பொதுநலன், மிகையான இரகசிய முத்திரை ஆகியவை பற்றி எதிர்த்தரப்பு வாய் திறக்கக் கூடாது. நீதிபதி பெரும்பாலும் அதை ஏற்பார்.

இது புதிதாக வந்த வழக்கமும் அல்ல. பென்டகன் ஆவணங்கள் எனப்படும் சுமார் 7,000 பக்க வியட்நாம் போர் வரலாற்றை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் 1973இல் சாட்சி சொன்னபோது, ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரே கேட்டார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார், எல்ஸ்பெர்க் பதில் சொல்லவில்லை. கடற்படைப் புலனாய்வு ஆய்வாளர் சாமுவேல் மோரிசன், கட்டுமானத்திலிருந்த சோவியத் விமானந்தாங்கிக் கப்பலின் செயற்கைக்கோள் படங்களை ஒரு பிரிட்டிஷ் இராணுவ இதழுக்குக் கொடுத்ததற்காக 1985இல் குற்றவாளி எனத் தீர்ப்பானார். பத்திரிகைக்குக் கொடுப்பது உளவு ஆகாது என்ற அவருடைய வாதத்தை 1988இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. அந்தத் தீர்ப்பின்மேல்தான் பிற்கால வழக்குகள் நிற்கின்றன.

அப்படியானால் ஜூரியிடம் எதைத்தான் வாதிட முடியும்?

மூன்று வழிகள் மிஞ்சும். கொடுத்தது நான் அல்ல என்பது ஒன்று. தெரியாமல் நடந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கனமானது: கொடுத்த தகவல் “தேசப் பாதுகாப்பு சார்ந்தது” என்ற வரையறைக்குள் வராது என்பது.

இந்த மூன்றாவது வாதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 793ஆம் பிரிவில் “இரகசிய முத்திரை” என்ற சொல்லே கிடையாது. 1917இல் இன்றுள்ள முத்திரை முறை இல்லை. எனவே ஆவணத்தில் “மிக இரகசியம்” என்று அச்சிட்டிருந்தாலும் அது மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. முத்திரை இல்லாவிட்டாலும் அது மட்டும் காப்பாற்றாது. தகவல் அரசால் இறுக்கமாகக் காக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய தகவலைத் திரட்டி அனுப்பியது குற்றமல்ல என்று 1945இல் ஹைன் வழக்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். இந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் 2013இல், வெளியுறவுத் துறை ஒப்பந்த ஊழியர் ஸ்டீபன் கிம் வழக்கில், வெளியானால் தீங்கு நேரக்கூடும் என்பதை அரசு தனியே நிரூபிக்கத் தேவையில்லை என்று விசாரணை நீதிபதி முடிவு செய்தார். கதவு பாதி சாத்தப்பட்டது. சில மாதங்களில் கிம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 13 மாதச் சிறை பெற்றார்.

அரசே தோற்றுப்போன வழக்கு ஏதேனும் உண்டா?

உண்டு. தாமஸ் டிரேக் வழக்கு. நன்றாகப் படிக்க வேண்டிய வழக்கு இது.

டிரேக், தேசியப் பாதுகாப்பு முகமையின் மூத்த அதிகாரி. டிரெயில்பிளேசர் என்ற கண்காணிப்புத் திட்டத்தில் பெரும்பணம் வீணாவதாக உள்ளுக்குள் புகார் சொன்னார். பாதுகாப்புத் துறைத் தலைமை ஆய்வாளரின் தணிக்கைக்கு ஒத்துழைத்தார். பிறகு ஒரு பத்திரிகையாளருடன் தொடர்பு கொண்டார். 2007 நவம்பரில் எஃப்பிஐ அவருடைய வீட்டைச் சோதனையிட்டது. குற்றப்பத்திரிகை 2010 ஏப்ரலில்தான் வந்தது: 10 குற்றச்சாட்டுகள், அவற்றில் 5 உளவுச் சட்டத்தின்கீழ், மொத்தம் 35 ஆண்டுவரை சிறை.

வழக்கைச் சாய்த்தவை இரண்டு. வீட்டில் எடுத்த ஆவணங்களில் ஒன்றுக்கு இரகசிய முத்திரை குத்தியதே தவறு என்று சாட்சி சொல்ல வில்லியம் லெனர்ட் முன்வந்தார். அமெரிக்க அரசு முழுமைக்கும் இரகசிய முத்திரை விதிகளை மேற்பார்வையிட்ட அலுவலகத்தின் முன்னாள் தலைவர் அவர். அவருடைய சொல்லுக்கு எடை அதிகம். அடுத்து, ஆவணங்களில் எந்தப் பகுதியை மறைத்து ஜூரிக்குக் காட்டலாம் என்ற சர்ச்சையில் நீதிபதி ரிச்சர்ட் பென்னட் அரசுத் தரப்பு கேட்டதை முழுதாகத் தரவில்லை. இரகசியத்தை வெளியிடுவதைவிடச் சான்றாவணங்களைத் திரும்பப் பெறுவதே மேல் என்று அரசுத் தரப்பு முடிவெடுத்தது. சான்று போனதும் வழக்கும் கரைந்தது. 2011 ஜூனில், விசாரணை தொடங்கும் தறுவாயில், 10 குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தியதாக ஒரு சிறுகுற்றத்தை மட்டும் டிரேக் ஒப்புக்கொண்டார். தண்டனை: ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 240 மணி நேரச் சமூகப் பணி. சிறை இல்லை. வீட்டைச் சோதனையிட்டுவிட்டு இரண்டரை ஆண்டு ஒரு மனிதரைக் குற்றச்சாட்டின்றித் தொங்கலில் விட்டதற்காக நீதிபதி அரசைக் கடுமையாகக் கண்டித்தார்.

வென்றவர் என்று இவரைச் சொல்லலாம். ஆனால் வேலை போயிற்று, ஓய்வூதியத் திட்டம் குலைந்தது, சேமிப்பு கரைந்து இறுதியில் அரசு செலவில் அமர்த்தப்படும் பொது வழக்கறிஞர்களே அவருக்காக வாதாடினார்கள். அவர்கள் திறமையாகவே வாதாடினார்கள்.

இரகசிய ஆவணமே சான்று. எதிர்த்தரப்பு அதை எப்படிப் பார்க்கும்?

இதற்கென்று 1980இல் வந்தது இரகசியத் தகவல் நடைமுறைச் சட்டம். வழக்கறிஞர்கள் “சீப்பா” என்பார்கள். படிப்படியாக இப்படி நடக்கும்.

முதலில், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். பின்னணி விசாரணைக்கு நேரமாகும். 3ஆம் பிரிவின்கீழ் நீதிபதி பாதுகாப்பு ஆணை பிறப்பிப்பார். அதன்பின் ஆவணங்களை “ஸ்கிஃப்” எனப்படும் காப்பறைக்குள் மட்டுமே பார்க்கலாம். கைபேசி உள்ளே போகாது. எழுதிய குறிப்பும் வெளியே வராது. சிறையிலிருக்கும் கட்சிக்காரருடன் ஆவணத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் அவரைக் காவலோடு அந்த அறைக்கு அழைத்துவர வேண்டும். சிறைத் தொலைபேசியில் பேச முடியாது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் ஏற்பாடு தேவைப்படலாம்.

4ஆம் பிரிவு: எதிர்த்தரப்புக்குத் தரவேண்டிய ஆவணத்தின் பகுதிகளை நீக்கவோ, சுருக்கத்தை மட்டும் தரவோ அரசு கேட்கலாம். அந்த மனுவை நீதிபதி மட்டும் தனியாகப் படிப்பார். எதிர்த்தரப்புக்கு என்ன மறைக்கப்பட்டது என்பதே தெரியாது. தெரியாததற்கு எதிராக வாதாட முடியாது. நம் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான். எதிர்த்தரப்பின் கண்ணால் பார்க்கத் தெரிந்த நீதிபதி கிடைத்தால் தப்பிக்கலாம்.

5ஆம் பிரிவு: விசாரணையில் எந்தெந்த இரகசியத் தகவலைத் தொடப்போகிறோம் என்று எதிர்த்தரப்பு எழுத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காததைப் பேச முடியாது. சாதாரணக் குற்ற வழக்கில் எதிர்த்தரப்பு தன் சீட்டுகளை இவ்வளவு தூரம் முன்னதாகக் காட்டவேண்டியதில்லை. புதிய வழக்கறிஞர்கள் தவறுவது இங்கே: அறிவிப்பைப் பொத்தாம்பொதுவாக எழுதிவிடுவார்கள், நீதிபதி போதாது என்று நிராகரிப்பார். பக்கம், பத்தி, வரி என்று எழுத வேண்டும்.

6ஆம் பிரிவு: அறிவித்த ஒவ்வொன்றும் பொருத்தமானதா என்று மூடிய அறையில் வாதம் நடக்கும். பொருத்தம் என்று முடிவானால், மூலத்துக்குப் பதிலாக ஒரு சுருக்கத்தையோ “இன்ன உண்மையை ஒப்புக்கொள்கிறோம்” என்ற கூற்றையோ அரசு முன்வைக்கலாம். எதிர்வாதத்துக்கு ஏறத்தாழ அதே வலிமை கிடைக்கும் என்றால்தான் நீதிபதி அதை ஏற்க வேண்டும். பதிலீடு போதாது என்று முடிவாகி, அரசும் வெளியிட மறுத்தால், குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. டிரேக் வழக்கில் அரசு பின்வாங்கியது இந்த அச்சத்தால்தான்.

7ஆம் பிரிவின்படி, இத்தகைய ஆணை பிடிக்காவிட்டால் அரசு உடனே மேல்முறையீடு செய்யலாம். குற்றம்சாட்டப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை. தண்டனைக்குப் பின்தான் அவர் மேலே போக முடியும்.

விசாரணை பகிரங்கமாக நடக்குமா?

கதவு திறந்திருக்கும். ஆனால் “மௌன சாட்சி” என்றொரு முறை உண்டு. ஜூரிக்கும் சாட்சிக்கும் ஒரு கோப்பு தரப்படும். சாட்சி “மூன்றாம் பக்கம், இரண்டாம் வரி” என்பார்; பார்வையாளருக்கு எதுவும் புரியாது. நாடுகளுக்கும் ஆட்களுக்கும் எழுத்துக் குறியீடுகள் இருக்கும். எந்தத் தகவல் எவ்வளவு சாதாரணமானது என்று காட்டி வாதாட வேண்டிய வழக்கறிஞருக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல. தவிர, கோப்பைத் திறக்கும்போதே இது பயங்கர இரகசியம் என்ற எண்ணம் ஜூரியின் மனத்தில் விழுந்துவிடுகிறது. 2015 ஜனவரியில் முன்னாள் சிஐஏ அதிகாரி ஜெஃப்ரி ஸ்டெர்லிங் வழக்கில் சிஐஏ அதிகாரிகள் திரைக்குப் பின்னிருந்து சாட்சி சொன்னார்கள். அவரிடமிருந்து தகவல் பெற்றதாகச் சொல்லப்பட்ட நிருபர் ஜேம்ஸ் ரைசனை அரசுத் தரப்பு கடைசிவரை சாட்சியாக அழைக்கவே இல்லை. தொலைபேசி, மின்னஞ்சல் பதிவுகளை வைத்தே 9 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

ஜூரிக்கு யார் வருவார்கள்?

அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள். இவ்வகை வழக்குகள் பல வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்தின் அலெக்சாண்டிரியா நீதிமன்றத்தில் நடக்கின்றன. முன்னாள் சிஐஏ அதிகாரி ஜான் கிரியாகோ, ஸ்டெர்லிங், கீழே வரும் டேனியல் ஹேல் ஆகியோரின் வழக்குகள் அங்கேதான் நடந்தன. சிஐஏ தலைமையகமும் பென்டகனும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. இராணுவம், உளவுத்துறை, அவற்றின் ஒப்பந்த நிறுவனங்கள் என்று சம்பளம் வாங்கும் குடும்பங்கள் அங்கே மிகுதி. ஸ்னோடன்மீதான புகாரும் அந்த மாவட்டத்தில்தான் பதிவானது. இடமாற்றம் கேட்கலாம், எளிதில் கிடைக்காது. ஜூரித் தேர்வுக்கு முன் எழுத்து வினாத்தாளை வற்புறுத்துவதே நடைமுறையில் உதவும் வழி.

பெரும்பாலோர் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்களே, ஏன்?

அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் தண்டனை பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒப்புக்கொண்டவர்கள்தான். உளவுச் சட்டத்தில் அழுத்தம் இன்னும் கூடுதல். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 10 ஆண்டுவரை. ஒரே செயலைப் பல குற்றச்சாட்டுகளாகப் பிரிக்கலாம். வாதாடும் வழியையும் நீதிபதி முன்கூட்டியே அடைத்துவிட்டால் மிஞ்சுவது பேரம் மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். குற்றத்தின் கனத்தைப் புள்ளியால் அளக்கும் கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டியில், மிக இரகசிய ஆவணமானால் பொதுவாகப் பயன்படும் அடிப்படைப் புள்ளி 29. முன் குற்றம் இல்லாதவருக்கு அது 87 முதல் 108 மாதம். ஒப்புக்கொண்டால் 3 புள்ளி குறையும்: 26, அதாவது 63 முதல் 78 மாதம். ஒரேயொரு ஆவணத்தைச் செய்தித்தளத்துக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னர் 2018இல் பெற்றது 63 மாதம். கைதான 2017 ஜூன் முதல் அவருக்கு ஜாமீனும் கிடைக்கவில்லை.

நோக்கம் எங்குமே எடுபடாதா?

தண்டனை விதிக்கும் கட்டத்தில் எடுபடும். அங்கே ஜூரி இல்லை. குற்றவாளியின் இயல்பையும் சூழ்நிலையையும் நீதிபதி பார்த்தே ஆகவேண்டும். ட்ரோன் தாக்குதல்களில் நிகழும் சாவுகளைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்த டேனியல் ஹேல் நீதிபதிக்குக் கைப்பட நீண்ட கடிதம் எழுதினார். 2021 ஜூலையில் 45 மாதம் பெற்றார். ஸ்டெர்லிங்குக்கு வழிகாட்டி 19 ஆண்டுக்கு மேல் காட்டியது. நீதிபதி பிரிங்கெமா விதித்தது 42 மாதம். மனசாட்சியைப் பேச இடம் கிடைக்கிறது, குற்றவாளி என்று முத்திரை விழுந்த பிறகு.

இதோடு ஒப்பிட ஒன்று: சிஐஏ இயக்குநராகப் பொறுப்பேற்கவிருந்த டேவிட் பெட்ரேயஸ், மிக இரகசியத் தகவல்கள் அடங்கிய குறிப்பேடுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கொடுத்தார். 2015இல் சிறுகுற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,00,000 டாலர் அபராதமும் பெற்றார். உளவுச் சட்டம் அவர்மீது பாயவில்லை. யார்மீது எந்தச் சட்டத்தைப் போடுவது என்ற முடிவு அரசுத் தரப்பின் கையில்; விசாரணையின் நியாயம் அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

முறையான வழியில் புகார் செய்திருந்தால் காப்பு உண்டா?

வேலைப் பழிவாங்கலுக்கு எதிராக ஓரளவு உண்டு. பத்திரிகைக்குக் கொடுத்ததற்கான குற்ற வழக்கில் இல்லை. முறைகேட்டை வெளிப்படுத்தும் அரசு ஊழியருக்கான 1989ஆம் ஆண்டின் பொதுக் காப்புச் சட்டம் உளவு முகமைகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கென 1998இல் வந்த சட்டப்படி, “அவசரக் கவலை” என்ற புகாரைத் தலைமை ஆய்வாளர் 14 நாளில் நம்பத்தக்கதா என்று முடிவு செய்வார். முகமைத் தலைவர் 7 நாளில் காங்கிரஸின் உளவுக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வாளர் ஏற்காவிட்டால் ஊழியரே குழுவை அணுகலாம். ஆனால் எப்படிப் பாதுகாப்பாக அணுகுவது என்று முகமையிடமே வழிகாட்டல் பெற வேண்டும். புகார் யாரைப் பற்றியதோ அவரிடமே வழி கேட்பது போன்றது அது.

டிரெயில்பிளேசர் பற்றி 2002இல் முறைப்படி புகார் கொடுத்தவர்களின் வீடுகளும் 2007 ஜூலையில் சோதனைக்கு உள்ளாயின. இத்தகைய புகார் செய்ய நினைப்பவர் எந்தத் துண்டுத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்பு அனுமதி பெற்ற வழக்கறிஞரைப் புகாருக்கு முன்பே பார்க்க வேண்டும். எஃப்பிஐ கதவைத் தட்டினால் வழக்கறிஞரின்றிப் பேசக் கூடாது. பேச்சில் ஒரு பொய் வந்துவிட்டால் அதற்கே 5 ஆண்டு வரை தனிக்குற்றம். உண்மையைச் சொன்னால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

எல்ஸ்பெர்க் விடுதலையானாரே?

ஜூரி விடுவிக்கவில்லை. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை ஆட்கள் 1971இல் பூட்டுடைத்து நுழைந்தது வெளிவந்தது. சட்டவிரோத ஒட்டுக்கேட்பு தெரியவந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி மேத்யூ பைர்னிடம் எஃப்பிஐ இயக்குநர் பதவி பற்றி வெள்ளை மாளிகை பேசியதும் அம்பலமானது. 1973 மே 11 அன்று வழக்கு, மீண்டும் தொடுக்க முடியாதபடி தள்ளுபடியானது. நிக்சன் ஆட்சியின் இத்தகைய செயல்களை அம்பலப்படுத்திய வாட்டர்கேட் ஊழல் நடக்காதிருந்தால் 115 ஆண்டுவரை சிறை அவருக்கு முன்னால் இருந்தது.

அம்பலமான திட்டமே சட்டவிரோதம் என்று நீதிமன்றம் பின்னர் சொன்னால்?

சொல்லியிருக்கிறது. ஸ்னோடன் வெளிப்படுத்திய மொத்தத் தொலைபேசிப் பதிவுச் சேகரிப்பு, சட்டம் அனுமதித்த ஒன்றல்ல என்று 2015 மே மாதம் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. அவர்மீதான குற்றச்சாட்டுகளை அது தொடவில்லை. 793ஆம் பிரிவு, தகவல் தேசப் பாதுகாப்பு சார்ந்ததா என்று மட்டுமே கேட்கும். அது சட்டப்படி நடந்த வேலையைப் பற்றியதா என்று கேட்காது.

இராணுவ நீதிமன்றம்?

விக்கிலீக்ஸ் தளத்துக்கு இராணுவ ஆவணங்களைக் கொடுத்த படைவீரர் செல்சி மேனிங் வழக்கு ஒரு கோர்ட் மார்ஷல். கைது 2010 மே, விசாரணை 2013 ஜூன். குவாண்டிகோ கடற்படைப்பிரிவுத் தளச் சிறையில் அவரை வைத்திருந்த விதம் முறையற்றது என்று ஏற்ற நீதிபதி, 112 நாள் தண்டனைக் கழிவு தந்தார். எதிரிக்கு உதவியதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. மற்றவற்றுக்கு 35 ஆண்டு. 2017இல் ஒபாமா குறைத்தார்.

வேறு நாடுகளில் பொதுநல வாதம் உண்டா?

கனடாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்திலேயே உண்டு, நிபந்தனையோடு: முதலில் துறைத் தலைவரிடமும் அடுத்து கண்காணிப்பு அமைப்பிடமும் போய் உரிய காலத்தில் பதில் கிடைக்காதிருக்க வேண்டும். பிரிட்டனில் ஆவணங்களை வெளியே கொடுத்த பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங்கை 1985இல் நீதிபதியின் வழிகாட்டலையும் மீறி ஜூரி விடுவித்தது. நான்கே ஆண்டில் சட்டம் மாறியது. 2002இல் முன்னாள் உளவுத்துறை அதிகாரி ஷேலர் வழக்கில் பொதுநல வாதத்துக்கு இடமில்லை என்று அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதி செய்தது.

ஒரு வழக்கை நாமே பின்தொடர முடியுமா?

முடியும். பேசர் என்ற கூட்டாட்சி நீதிமன்றத் தளத்தில் கணக்குத் திறந்தால் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. கோர்ட்லிசனர் தளத்தில் பல ஆவணங்கள் இலவசம். குற்றப்பத்திரிகையைவிட மூன்று ஆவணங்களைத் தேடிப் படியுங்கள்: நோக்கம் பற்றிய சாட்சியத்தைத் தடுக்கக் கோரும் அரசின் மனு, சீப்பா 6ஆம் பிரிவின் ஆணை, ஜூரிக்கு நீதிபதி வாசிக்கும் சட்ட அறிவுரை. அறிவுரையில் “தீங்கு நேரக்கூடிய” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசுத் தரப்பு அவற்றை எடுக்கச் சொல்லி வாதிட்டிருக்கும்.